உள்ளேயிருந்து தட்டுகிறவர்கள்

அன்று சேப்பலில் இருந்தவர்கள்:

ரூபர்ட் செல்வின், ஓய்வுபெற்ற வக்கீல், அறங்காவலர் குழுத் தலைவர்.
போதகர் ஜூடித் வேல். வரும்போதே இன்னொரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றவர்.
ஹானா ப்ரீஸ், கட்டடக் கலைஞர். கக்கத்தில் சுருட்டிய வரைபடம்.
டெனிஸ் அட்கின், வார்டன். வாசல் வளைவுக்கு மேலே குடியிருப்பவள்.
மேவிஸ் கிராப், மூன்றாம் எண் வீடு. குடியிருப்போர் சார்பில் வந்தவள். அழைக்காவிட்டாலும் வந்திருப்பாள்.
கிளெம் பார்டோ, ஐந்தாம் எண்.

வராதவர்: அர்னால்ட் ஃபிஞ்ச், ஆறாம் எண். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். அவரைப் பற்றித்தான் கூட்டம்.

சேப்பல் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பன்னிரண்டு பேர் மண்டியிட இடம். பதின்மூன்றாவது ஆள் வந்தால் நிற்க வேண்டியதுதான். டன்ஸ்வெல் தரும வீடுகளில் எல்லாமே அந்தக் கணக்குத்தான். ஜாஸ்பர் டன்ஸ்வெல் கம்பளி விற்றுக் கொழுத்தவர். கடைசிக் காலத்தில் சொர்க்கத்தைப் பற்றிக் கவலை வந்து, ஊரில் நாதியற்ற பன்னிரண்டு பேருக்கு முற்றத்தைச் சுற்றி வீடு கட்டி வைத்தார். முன்னூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியும் மனிதருடைய புத்தி செங்கல்லிலேயே தெரியும். தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்க்கிற புகைபோக்கிகளில் முறுக்குப் பிழிந்த மாதிரி வேலைப்பாடு. நாதியற்றவன் படுக்கிற அறையில் காலை நீட்டினால் சுவர்.

அந்தச் சின்ன வீட்டுக்குள் மாடிப்படி வேறு வேண்டும். அது வாசற்கதவை ஒட்டியே இறங்குகிறது. கதவு உள்பக்கம் திறந்தால் கடைசிப் படியில் இடிக்கும். அதனால் அந்தக் காலத்துத் தச்சன் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினான். அங்கேதான் வினை. வெளியே இரண்டு வீட்டுக்கு ஒரு முகப்பு. ஆள் ஒருவர் நிற்கிற அளவுக்கு ஒரு செங்கல் கூடு. அதற்குள் இரண்டு கதவுகளும் எதிரெதிரே முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கதவும் கதவும் மோதிக்கொள்ளும். அவசரக்காரனுக்கு மூக்கு உடையும். உடைந்தும் இருக்கிறது.

ஆகவே டன்ஸ்வெல்லில் வெளியே போகிறவர்கள் தங்கள் கதவைத் தாங்களே உள்ளேயிருந்து இரண்டு முறை தட்டுவார்கள். 'வழி கேட்பது' என்று பெயர். எதிர்வீட்டுக்காரர் காதில் விழுந்தால் தன் கதவை உள்ளேயிருந்து ஒரு முறை தட்டுவார். அது 'வழி விடுவது'. அதன் பிறகு கேட்டவர் வெளியே வரும்வரை விட்டவர் கதவில் கை வைக்கக் கூடாது. எழுதி வைத்த விதி அல்ல. குடிவந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"மிஸ்டர் பார்டோ," என்றார் செல்வின். "அன்னைக்கு மத்தியானம் உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"கதவைத் தட்டினான்."

"உங்க கதவையா?"

"அவன் கதவை."

"அவர் கதவை அவரே, வெளியில நின்னா?"

"உள்ளேருந்து."

செல்வின் பேனாவை மேலே தூக்கினார். "சரி. நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் தட்டினேன்."

"எங்க?"

"என் கதவுல. உள்ளேருந்து."

போதகர் ஜூடித் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கிளெமைப் பார்த்தார். "அவர் உதவிக்குத் தட்டியிருக்கார். நீங்க கதவைத் திறக்கலையா?"

"திறக்கக் கூடாது," என்றார் கிளெம். "தட்டினா திறக்கக் கூடாது. தட்றதே அதுக்குத்தான்."

"கடவுளே," என்றார் போதகர். அவர் தொழிலில் அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

"வழி விட்டிருக்கான் சார்," என்று மேவிஸ் உள்ளே புகுந்தாள். காது மந்தமானதால் அவளுக்கு எல்லாப் பேச்சும் கூச்சல்தான். "அர்னால்ட் வழி கேட்டான்னு இவன் வழி விட்டான். நான் இருந்தாலும் விட்டிருப்பேன். நீங்க ஒரு நாள் இங்க வந்து குடியிருங்க, உங்க மூக்குக்கும் புரியும்."

டெனிஸ் பொறுமையாக விளக்கினாள். செல்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரு வரி எழுதினார். அது என்ன வரி என்று கிளெம் பார்க்கவில்லை. எந்த வரி எழுதினாலும் முட்டாள்தனமாகத்தான் இருக்கும்.

கிளெம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒன்பது வருஷமாக எதிரெதிர்க் கதவு. கிளெம் சர்க்கரை ஆலையில் இரவுக் காவலாளியாக ஆயுளைக் கழித்தவர். ஊர் விழித்திருக்கும்போது தூங்கி, ஊர் தூங்கும்போது விழித்திருந்து, மனுஷ முகத்தோடு பழக்கம் விட்டுப்போனவர். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனதையே அவர் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார் என்று ஊரில் சொல்வார்கள். பொய். அன்றே கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அர்னால்ட் நேர் எதிர். கசாப்புக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஊர்ப்பெண்கள் அத்தனை பேரையும் கேலி செய்தே காலம் தள்ளியவர். இருவரும் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைந்ததே இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வழி கேட்டு, வழி விட்டு, முகப்பில் உரசிக்கொண்டு போகும்போது இரண்டு திட்டு. உறவு அவ்வளவுதான்.

அதில் அர்னால்ட் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். வழி கேட்பார், வர மாட்டார். கிளெம் தொப்பியும் கோட்டுமாகக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். பொறுமை போய் வெளியே வந்தால், அர்னால்ட் ஜன்னலைத் திறந்து, "என்ன பார்டோ, வேர் விட்டுடுச்சா? தண்ணி ஊத்தவா?" என்பார். அடுத்த நாள் கிளெம் பதிலுக்குச் செய்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. ரேடியோவில் கால்பந்து தொடங்குகிற நேரம். அதற்குள் பால் வாங்கி வந்துவிடலாம் என்று கிளெம் எழுந்தார். எதிர்க்கதவில் இரண்டு தட்டு. கிளெம் வழி விட்டார். யாரும் வரவில்லை. மறுபடி இரண்டு தட்டு. மறுபடி விட்டார். மூன்றாவது முறை கைத்தடியால் ஓங்கி ஒன்று போட்டு, "இன்னிக்கு நீ ஜெயிக்கப் போறதில்லடா கிழவா!" என்று கத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். சுவர் இரண்டு முழம் கனம். கதவு ஓக் மரம். தட்டுகிற சத்தம்தான் கடக்கும், பேச்சு கடக்காது. தட்டுவது நிற்கவில்லை. இடைவெளி விட்டு விட்டு வந்தது. அவரும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தடியால் பதில் கொடுத்தார். பிறகு ஆட்டம் சூடு பிடித்ததும் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமையில் யாரோ ஒருவர் தன்னோடு விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று கிளெமுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அவர் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

அர்னால்ட் மாடிப்படியில் சறுக்கிக் கதவடியில் கிடந்தார். விலா எலும்பும் போயிருந்தது, கத்த மூச்சில்லை. இழுத்தால் மணியடிக்கும் கயிறு மாடியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டச் சொல்லி டெனிஸ் கொடுத்த அவசரப் பொத்தான், "மணி கட்டிவிட நான் என்ன மாடா?" என்று முதல் நாளே ஆணியில் ஏறிவிட்டது. கைக்கு எட்டியது கதவு ஒன்றுதான். மறுநாள் காலையில் வாசலில் பால் பாட்டில் எடுக்காமல் இருப்பதை டெனிஸ் மேலேயிருந்து பார்த்துவிட்டு மாற்றுச் சாவியோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் ஹானா ப்ரீஸ், வரைபடத்தை விரித்து அதன் மூலைகளில் பிரார்த்தனைப் புத்தகங்களை வைத்தபடி. "கதவு வெளிப்பக்கம் திறந்ததாலதான் அவர் பிழைச்சார். உள்பக்கம் திறக்கிற கதவா இருந்தா அவர் உடம்பே அடைச்சிருக்கும். அதனால கதவை மாத்தறதுல எனக்கு இஷ்டம் இல்ல. மாத்தணும்னாலும் புராதனக் கட்டடம், அனுமதி கிடைக்காது. படியையும் நகர்த்த முடியாது. அது புகைபோக்கியோட பின்னிக் கிடக்கு."

"அப்ப அவர் எப்படித் திரும்ப வர்றது?" என்றார் செல்வின். "தானா இருந்து தன்னைப் பாத்துக்க முடிஞ்சவங்களுக்குத்தான் இந்த வீடு. இன்ஷூரன்ஸ்காரங்க வேற கேக்கறாங்க."

டெனிஸ் சொன்னாள்: "படுக்கையக் கீழ போட்டுடலாம். கைப்பிடி வைக்கலாம். ஆனா காலையிலயும் சாயங்காலமும் ஒருத்தர் உள்ள போய்ப் பாக்கணும். பன்னெண்டு வீட்டுக்கும் என்னால போக முடியாது. பக்கத்துல யாராவது சாவி வெச்சுக்கிட்டா…"

யாராவது என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சேப்பலின் குளிர் கல்தரையிலிருந்து பூட்ஸ் வழியாக ஏறியது.

"நான் பாக்கறேன்," என்றார் கிளெம்.

"நீயா?" என்றாள் மேவிஸ். "கண்ணாடியில உன் மூஞ்சியவே நீ பாத்து எத்தனை வருஷமாச்சு?"

"உன்னை யாரும் கேக்கல மேவிஸ்."

"கேக்காததாலதான் சொல்றேன்."

செல்வின் எழுதிக்கொண்டார். திரு. பார்டோ சாவி வைத்துக்கொள்வது, தினம் இருமுறை பார்ப்பது, திரு. ஃபிஞ்ச் இதற்குச் சம்மதித்தால் வீடு அவருக்கு. டெனிஸ் அன்று மாலையே சாவியைக் கொடுத்தாள். விரல் நீள இரும்புச் சாவி. கிளெம் அதை மேஜையில் வைத்தார். பிறகு கோட்டுப் பையில் வைத்தார். பிறகு மறுபடி மேஜையில் வைத்தார்.

அதன் பிறகு வந்த வாரங்களில் ஐந்தாம் எண் வீட்டில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. டோஸ்ட், டீ, ரேடியோ. புகைபோக்கிக்குள் காக்கைகள் குச்சி பொறுக்கிப் போட்டன. வெளியே போகும்போது கிளெம் பழக்க தோஷத்தில் கதவை இரண்டு முறை தட்டுவார். தட்டிவிட்டு நிற்பார். வழி தாராளமாகத்தான் இருந்தது. தெருப்பக்கம் டன்ஸ்வெல்லில் ஜன்னலே கிடையாது. குடியிருப்பவன் கண்ணுக்கு முற்றம்தான் உலகம். முற்றத்தைத் தாண்டினால் மற்றவர்களின் கதவுகள், எல்லாம் மூடி. இத்தனை கதவையும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துவிட்டால் மனிதர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று டன்ஸ்வெல் நினைத்திருக்கலாம். கம்பளி வியாபாரிக்கு என்ன தெரியும்.

எலும்பு கூடியதும் அர்னால்டை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முதியோர் விடுதிக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். கிளெம் பஸ் பிடித்தார். பீட்ரூட் வயல்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகிறது, பார்க்க ஒன்றுமில்லை. வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

விடுதி புதுக் கட்டடம். அகலமான நடைகள், தானாக மூடிக்கொள்ளும் கதவுகள், எங்கும் குழம்பு வாசனை. அர்னால்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்து காலருக்குள் இளைத்துக் கிடந்தது. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"யோவ் பார்டோ! வழி தவறி வந்துட்டியா?"

"பஸ்ஸு இங்கதான் திரும்புது. இறக்கி விட்டுட்டான்."

"உக்காரு. அந்த நாற்காலி வேணாம். பக்கத்து ரூம் வில்ஃப்ரட் நேத்து அதுல உக்காந்துக்கிட்டே பாசனம் பண்ணிட்டார்."

கிளெம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார். பஸ்ஸில் தயாரித்த வாக்கியத்தை எடுத்தார்.

"விளையாட்டுன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நானா இருந்தா அதைத்தான நெனச்சிருப்பேன். மூணாவது தடவை தட்டும்போதே புரிஞ்சுபோச்சு, இந்த மடையன் விடிய விடிய வழி விட்டுக்கிட்டேதான் இருப்பான்னு."

"அப்புறம் ஏன்யா தட்டிக்கிட்டே இருந்த?"

"வேற என்ன வேலை இருந்துச்சு எனக்கு? நீ பதில் தட்டினியே. அது ஒரு துணைதான், கொஞ்ச நேரம்." அர்னால்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் நிறுத்திட்ட, ரேடியோகிட்ட போயிருப்ப. யாரு ஜெயிச்சா?"

"நம்மாளுங்க தோத்தாங்க."

"தோத்தாங்கன்னு தெரியும். நீ ஒரு தடவ தடியத் தூக்கி எறிஞ்சியே, அது மட்டும் கேட்டுச்சு."

கிளெம் சாவியை எடுத்துக் கட்டில் போர்வை மேல், அவர் கைக்கு எட்டும்படி வைத்தார். "திரும்ப வரலாம்னு சொல்லிட்டாங்க. படுக்கை கீழ போடறாங்களாம். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ நான் எட்டிப் பாக்கணும். அவ்வளவுதான். பேச்சு கிடையாது. மூச்சு இருக்கான்னு பாத்துட்டுப் போயிடுவேன்."

அர்னால்ட் சண்டை போடுவார் என்று கிளெம் எதிர்பார்த்தார். என் வீட்டுக்கு நீ யார்யா சாவி வைக்க, என் கதவு என் கௌரவம் என்பார். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். அர்னால்ட் சாவியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. பருத்த ஒரு பெண், நீலச் சீருடை. "என்ன அர்னால்ட் கண்ணு, பாத்ரூம் போணுமா? வேணாமா? சரி. ஓ, ஃப்ரெண்டு வந்திருக்காரா? பெரியவரே, டீ வேணும்னா நடையில இருக்கு." தலையணையை ஒரு குத்துக் குத்திச் சரிசெய்தாள். போய்விட்டாள்.

"தட்டல பாத்தியா?" என்றார் அர்னால்ட்.

"மரியாதை தெரியாத ஜென்மம்."

"யாருமே தட்றதில்ல. மருந்துக்கு ஒருத்தி, டீக்கு ஒருத்தி, ஜன்னலைத் திறக்க ஒருத்தி, இவ ஏன் திறந்தான்னு மூட இன்னொருத்தி. நாளெல்லாம் சந்தைக்கடை. மொத நாள் கத்தினேன். கதவுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்குன்னு கத்தினேன்."

"சரியாத்தான் கேட்டிருக்க."

"இப்பப் பிடிச்சிருக்கு."

கிளெம் தொப்பியைச் சுற்றினார். "எது?"

"தட்டாம வர்றது."

ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள். கிளெம் தொப்பியைக் கட்டிலில் வைத்தார். ஆயுளில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். பெண்டாட்டி பெட்டி கட்டியபோதுகூடக் கேட்கவில்லை.

"நான் தட்டாம வரேன்," என்றார். "சாவிதான் இருக்கே. தட்டாமலே வரேன்யா."

அர்னால்ட் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அதனால் அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

"நீ வர மாட்ட பார்டோ. சாவியக் கையில வெச்சுக்கிட்டு அந்த முகப்புக்குள்ள நின்னுக்கிட்டிருப்ப. உள்ள நான் காதத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன், வருவானா மாட்டானான்னு. உன்ன எனக்குத் தெரியாதா?"

"பழகிக்குவேன்."

"இந்த வயசுலயா?" அர்னால்ட் சாவியை விரலால் தள்ளினார். அது போர்வைச் சரிவில் சறுக்கி கிளெமின் தொடையில் இடித்து நின்றது. "அது மட்டும் இல்ல. பயமா இருக்கு எனக்கு. அந்தப் படி. கண்ண மூடினா கால்கிட்ட வந்து நிக்குது. வெளியில சொல்லாத, மேவிஸ் ஊரக் கூட்டிடுவா."

தைரியமாக இரு என்பதா? அரைப் பகல், ஒரு ராத்திரி தரையில் கிடந்தவன் கிளெம் அல்ல.

"வெட்கங்கெட்ட பய," என்றார் கடைசியில்.

"ஆமா," என்றார் அர்னால்ட். "இங்க ஞாயித்துக்கிழமை கஸ்டர்டு தராங்க தெரியுமா? கட்டி இல்லாம."

திரும்பும் பஸ்ஸில் கிளெம் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டு மழையில் நடந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் விடுதியின் வேன் வாசல் வளைவுக்கு வெளியே வந்து நின்றது. வளைவுக்குள் வேன் நுழையாது. குதிரையில் வருகிற ஆளின் உயரத்துக்குக் கட்டியது. அர்னால்டைச் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான் டிரைவர். அர்னால்ட் வீட்டை விட்டுக்கொடுத்தாயிற்று, செல்வினுக்குக் கையெழுத்தும் போய்விட்டது. துணிமணி, சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார். மேவிஸ் வாசலில் நின்று, "இளைச்சுட்டடா அர்னால்ட், உன்னையே கொக்கியில மாட்டி வித்துடலாம்!" என்று கத்தினாள். "நல்ல விலை வந்தா வித்துடு கண்ணு," என்று அவரும் கத்தினார்.

"பார்டோ, நீதான் மேல ஏறி எடுத்துத் தரணும்," என்றார். "சாவி வெச்சிருக்கல்ல?"

கிளெம் முகப்புக்குள் போனார். பையிலிருந்து சாவியை எடுத்தார். ஆறாம் எண் கதவு. மரத்தில் ஒரு முடிச்சு. ஒன்பது வருஷம் பார்த்த முடிச்சு. இந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கதவை அவர் தொட்டதே இல்லை. உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். உள்ளே இருக்க வேண்டியவன் பின்னால் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறான் என்றும் தெரியும். சாவித் துவாரம் வரைக்கும் கை போயிற்று. அங்கேயே நின்றது.

"பாத்தியா?" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. "நான் சொன்னேன்ல?"

கிளெம் திரும்பவில்லை. காது சுட்டது. டெனிஸ் தன் சாவிக்கொத்தோடு வேகமாக வந்து, "தள்ளுங்க மிஸ்டர் பார்டோ, அந்தப் பூட்டு முரண்டு பண்ணும்," என்று அவருக்காக ஒரு பொய் சொல்லிக் கதவை வெளியே இழுத்துத் திறந்தாள்.

உள்ளே கிளெமின் வீடுதான், ஆனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கணப்பு வலதுபக்கம் இருக்க வேண்டியது இடதுபக்கம். படி ஏறும்போது கைப்பிடிக்குக் கை தவறான பக்கம் போய் வெறும் சுவரைப் பிடித்தது. டன்ஸ்வெல்லின் கொத்தனார் ஒரே வீட்டை வரைந்து அதையே திருப்பிப் போட்டிருக்கிறான். கிளெம் மேலேயிருந்து சட்டைகள், ஷேவிங் சாமான், ஒரு கல்யாணப் போட்டோ, பாதி காலியான விஸ்கி பாட்டில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே அர்னால்டின் நாற்காலி தெரிந்தது. பொதுச்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி, அந்தக் கோடி மூலையில் கிடந்தது. கிளெமின் நாற்காலியும் அந்தப் பக்கம் அப்படித்தான், தன் வீட்டுக் கோடி மூலையில். வீடு அனுமதித்த அதிகபட்ச தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

"விஸ்கி இருக்கா?" என்றார் அர்னால்ட்.

"இருக்கு."

"நீ வெச்சுக்க. அங்க விட மாட்டாங்க."

"எனக்கு வேணாம்."

"வெச்சுக்கயா. திமிர் பண்ணாத." பாட்டிலை எடுத்துக் கிளெமின் கோட்டுப் பைக்குள் திணித்தார். "நாற்காலி அடுத்தவனுக்கு. எப்ப வர்றானாம் டெனிஸ் அடுத்த ஆளு?"

"சமையலறையப் புதுசு பண்ணணும், ஒயர் மாத்தணும்," என்றாள் டெனிஸ். "அறுவடைக் காலம் வரைக்கும் யாரும் வர முடியாது."

"அதுவரைக்கும் நீ ராஜா பார்டோ. முகப்பு முழுக்க உனக்கு."

"ஆமா," என்றார் கிளெம்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா என்று கேட்கலாம். உண்டு என்று அவருக்கே தெரியும். டிரைவர் நாற்காலியின் தடையை எடுத்துவிட்டான். சக்கரங்கள் கூழாங்கல்லில் தடதடவென்று வளைவை நோக்கிப் போயின. அர்னால்ட் டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது கஷ்டம்தான். வேன் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு மேவிஸும் உள்ளே போய்விட்டாள்.

"மேல ஜன்னல் சாத்தியிருக்கா மிஸ்டர் பார்டோ?" என்றாள் டெனிஸ். "காக்கா வந்துடும்."

"பாக்கறேன்."

மறுபடி ஏறினார். இந்த முறை கை சரியான பக்கம் போயிற்று. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அதிலிருந்து முற்றம் முழுக்கத் தெரிந்தது. தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற அதே முற்றம், சற்றே சாய்வாக. கட்டிலில் படுக்கை இல்லை. மணிக்கயிறு மட்டும் தொங்கியது. குழாயைத் திருகிப் பார்த்தார். கடைசிப் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். கதவு திறந்திருந்ததால் கால் முகப்புக்குள் நீண்டது. டெனிஸ் வெளியே சாவிக்கொத்தைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வரீங்களா மிஸ்டர் பார்டோ? எனக்கு ஒன்பதாம் நம்பருக்குப் போகணும்."

"வரேன்."

கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

"அந்தச் சாவியும் குடுத்துடுங்க. இனி தேவைப்படாது."

கொடுத்தார். அது கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். டெனிஸ் ஒரு கணம் அதைப் பார்த்தாள். கிளெம் தலையைக் குனிந்து முகப்புக்குள் வந்து நின்றார். எதிரே தன் கதவு. டெனிஸ் அவருக்குப் பின்னால் ஆறாம் எண் கதவைத் தள்ளிச் சாத்தி, பூட்டினாள்.